பள்ளிக்குள் ஒரு காணொளிக் களஞ்சியம்

(மகாவீரர் ஜயந்தி விழாவின் கல்வி அமர்வில் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, கல்வியின் பெருமையை நான் பேசப் போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நம் குடும்பங்களுக்கு அதனை எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. பள்ளிக்கூடத்துக் கம்பியையும் பெட்டியையும் வன்தட்டையும் பற்றிப் பேச இசைவு தந்தால் வருகிறேன் என்றேன். பெருந்தன்மையுடன் ஒப்புக்கொண்டார்கள். கதிரவன் மறைவதற்குள் அனைவரும் உணவு முடிக்க வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. அதற்கு வெகு முன்பே என் உரையை முடித்துவிடுவேன்.

கிராமப்புறப் பள்ளி ஒன்றுக்கு விரைவான இணைய இணைப்பை ஏற்படுத்தி, அதன் ஆண்டுக் கட்டணத்தை நம் அறக்கட்டளையே ஏற்கலாம் என்று ஒரு முன்மொழிவு இருப்பதாக அறிந்தேன். நல்ல எண்ணம்தான். பாடக் காணொளிகள் தடையின்றி ஓட வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்றும் சொன்னார்கள். அந்த நோக்கம் நிறைவேற வேண்டுமானால் அப்பணத்தில் ஒரு பகுதியை வேறு வகையில் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் அவ்வாறு கருதுகிறேன் என்பதை என் வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறேன்.

2018ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாகி வந்தன. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் இதயத்தின் படத்தை வரைந்து அம்புக்குறி இட்டே இரத்த ஓட்டத்தை நடத்தி வந்தவன் நான். அசையும் ஒன்றை அசையாத படத்தால் விளக்குவது எவ்வளவு கடினம் என்பதை ஆசிரியப் பணியில் இருப்பவர்கள் அறிவார்கள். ஆகவே பத்தாம் வகுப்பில் அப்பாடம் வந்தபோது மடிக்கணினியையும் புரொஜெக்டரையும் எடுத்துக்கொண்டு மிகுந்த ஆவலுடன் சென்றேன். சன்னல்களைச் சாத்தினோம். திரையில் இதயம் துடித்தது. மேலறை சுருங்கியது, வால்வு திறக்கத் தொடங்கியது. அந்த நொடியில் காணொளி நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது.

"இதோ வந்துவிடும்" என்றேன். வந்தது, நான்கு நொடிகள் ஓடி மீண்டும் நின்றது. மாணவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வட்டம் எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணினார்கள், பிறகு தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் ஏறத்தாழ இருபது நிமிடம் அவ்வாறே கழிந்தது. இறுதியில் சன்னலைத் திறந்து கரும்பலகைக்கே திரும்பினேன். அடுத்த வாரம் நான் புரொஜெக்டரைத் தூக்கி வந்தபோது கடைசி வரிசைப் பையன் ஒருவன், "ஐயா, படமே வரைஞ்சிடுங்க, அதுதான் நிக்காம ஓடும்" என்றான். நகைச்சுவையாகத்தான் சொன்னான். ஆயினும் அதன்பின் பல மாதங்கள் நான் அந்தக் கருவியைத் தொடவில்லை. என் சக ஆசிரியர்களில் பலரும் இப்படித்தான் ஓரிரு முறை அவமானப்பட்டபின் காணொளியைக் கைவிட்டார்கள்.

நம் இணைப்பு மிக மோசமானது என்றே அப்போது எண்ணினேன். கணக்கிட்டுப் பார்த்தபின் வேறொன்று புலப்பட்டது. அந்தக் கணக்கை உங்கள் முன்னும் வைக்கிறேன். தெளிவாகத் தெரியும் ஒரு பாடக் காணொளி ஓடுவதற்கு நொடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட் தரவு வர வேண்டும். பெரிய திரையில் எழுத்துகள் கூர்மையாகத் தெரிய வேண்டுமானால் 2 மெகாபிட் தேவை. ஒரு பள்ளியின் இணைப்பு பகல் நேரத்தில் உண்மையாகத் தருவது 10 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். கணினி அறையில் முப்பது மாணவர்கள் தனித்தனியே ஒரே காணொளியைத் திறந்தால் 30 மெகாபிட் தேவைப்படும். அவர்கள் பார்ப்பது ஒரே காணொளிதானே என்று நாம் நினைப்போம். இணையத்துக்கு அக்கணக்கு இல்லை. முப்பது பேருக்கும் முப்பது படிகள், ஒவ்வொன்றும் தொலைதூரத்திலிருந்து, அதே மெல்லிய குழாய் வழியாக வந்து சேர வேண்டும். அலுவலகத்தில் வருகைப்பதிவு ஏற்றுகிறார்கள். தலைமையாசிரியர் அறையில் ஒரு கூட்டம் காணொளி வழியாக நடக்கிறது. அவையும் அதே குழாயில்தான். 'அ' பிரிவில் முதல் பாடவேளையில் பார்த்த காணொளியை 'ஆ' பிரிவில் மூன்றாம் பாடவேளையில் பார்த்தால், அது மீண்டும் முதலிலிருந்து பயணம் செய்து வர வேண்டும்.

இங்கே தொலைக்காட்சியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகளில் பலர் அதன் வழியாகப் பாடம் கேட்டார்கள். எத்தனை வீடுகளில் பார்த்தாலும் அது திணறவில்லை. ஏனெனில் ஒளிபரப்பில் ஒரே அலை அனைவருக்கும் பொதுவானது. ஆனால் புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கவோ, வால்வு திறக்கும் நொடியை மீண்டும் பார்க்கவோ அதில் வழியில்லை. நிறுத்தவும் திருப்பவும் முடிய வேண்டும், முப்பது பேர் ஒருசேரப் பார்த்தாலும் திணறக்கூடாது. இரண்டும் கைகூட வேண்டுமானால் காணொளி முன்பே பள்ளிக்குள் வந்து அமர்ந்திருக்க வேண்டும்.

முன்பே வந்து அமர்வது கடினமா? மீண்டும் கணக்குத்தான். நொடிக்கு 1 மெகாபிட் கொண்ட பத்து நிமிடக் காணொளியின் மொத்த அளவு 600 மெகாபிட். எட்டால் வகுத்தால் 75 மெகாபைட். வெறும் 2 மெகாபிட் மட்டுமே தரும் மிக மெதுவான இணைப்பிலும் இது ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். இரவு எட்டு மணி நேரம் இறக்கினால் தொண்ணூற்றாறு காணொளிகள். பகலில் இரண்டு மூன்று மாணவர்களுக்கு மேல் தாங்காத அதே இணைப்பு, இரவில் எவரும் பயன்படுத்தாத வேளையில் ஒரு பருவத்துக்குரிய பாடங்களையே கொண்டுவந்து சேர்க்கிறது. அத்தகைய ஆயிரம் காணொளிகள் 75 கிகாபைட். இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 1 டெராபைட் வன்தட்டில் அவ்வாறு பதின்மூவாயிரம் காணொளிகள் அடங்கும். உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அனைத்து வகுப்புகளுக்கும் அது போதும், மிஞ்சும்.

பள்ளிக்குள் வந்தபின் அது ஓடுவது இணையத்தில் அன்று, பள்ளியின் உள்வலையில். ஒரு சாதாரண வலைக்கம்பி நொடிக்கு 100 மெகாபிட் கடத்தும். இப்போது விற்கும் கம்பியும் ஸ்விட்சும் 1000 மெகாபிட் கடத்துகின்றன. முப்பது மாணவர்கள் என்ன, எல்லா வகுப்பறைகளும் ஒரே நேரத்தில் திறந்தாலும் அதற்குப் பாரமில்லை. ஊரில் கம்பி அறுந்து இணையமே போனாலும் வகுப்பு நடக்கும்.

முற்காலத்தில் இவ்வளவு முயற்சிகூடத் தேவைப்படவில்லை என்று என் பழைய மாணவர் ஒருவர் விளக்கினார். ஒருவர் பார்த்த பக்கத்தைப் பள்ளியின் சர்வரே தானாகச் சேமித்து வைத்து அடுத்தவருக்குத் தரும் முறை இருந்ததாம். இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் தரவை மறையாக்கம் செய்தே அனுப்புவதால், இடையில் நிற்கும் பெட்டிக்கு உள்ளே செல்வது என்னவென்று தெரியாது. மறையாக்கம் நம் பாதுகாப்புக்கு நல்லது. அதனால்தான் எந்தப் பாடம் வேண்டும் என்பதை ஓர் ஆசிரியர் அமர்ந்து தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டியுள்ளது. இதைக் குறை என்று நான் கருதவில்லை. தேர்ந்தெடுப்பவர் அந்தக் காணொளியை ஒருமுறையேனும் முழுதாகப் பார்த்துவிடுகிறார் அல்லவா!

இது நம் ஊரில் தோன்றிய புதுமையன்று. அமெரிக்காவின் சான் டியாகோவில் பல்கலைக்கழக இளைஞர்கள் 2012ஆம் ஆண்டில் கான் அகாடமியின் பாடங்களை இணையமற்ற பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல ஒரு மென்பொருளை உருவாக்கினார்கள். லெர்னிங் ஈக்வாலிட்டி என்ற அவர்களுடைய அமைப்பு பின்னர் கொலிப்ரி என்ற மென்பொருளை வெளியிட்டது. அதற்குக் கட்டணம் இல்லை. மூலநிரலும் திறந்தே இருக்கிறது. நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில் பாடங்களை இறக்கிப் பென் டிரைவில் எடுத்து வந்து, இணைப்பே இல்லாத பள்ளியின் கணினியில் ஏற்றிவிடலாம். மாணவர்கள் தம் கணினியின் உலாவியில் ஓர் எண் முகவரியைத் தட்டினால் பாடப் பட்டியல் திறக்கும். விக்கிப்பீடியாவை இவ்வாறே முழுமையாகச் சேமித்துப் படிக்கக் கிவிக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவையும் அவ்வாறு பெறலாம்.

எங்கள் பள்ளியில் இதற்கெனப் புதிதாக எதையும் வாங்கவில்லை. பழைய மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்திய மடிக்கணினியைத் தந்தார். சர்வர் என்றதும் பெரிய இரும்பு அலமாரியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. பழைய மடிக்கணினிக்கு ஒரு சிறப்பும் உண்டு: மின்சாரம் போனால் அதன் பேட்டரியே சிறிது நேரம் தாங்கும். (பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள், அது ஆபத்து.) ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியும் இதற்குப் போதும். 2019இல் வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு முதல் முழு வேக வலைக்கம்பி இணைப்பு இருக்கிறது.

நாங்கள் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும், அடுத்துச் செய்பவர்களுக்குப் பயன்படும். முதல் நாளே காணொளி மீண்டும் நின்றது! இணையமே இல்லாமல், பக்கத்து அறையிலிருந்து வரும் காணொளி ஏன் நிற்க வேண்டும்? வீட்டுக்கென விற்கும் ஒரு வைஃபை ரௌட்டரை மாடியில் வைத்துவிட்டு, மூன்று தடித்த சுவர்களுக்கு அப்பால் முப்பது கருவிகளை அதனோடு இணைத்திருந்தோம். வைஃபை என்பது காற்றில் பலர் மாறி மாறிப் பேசும் முறை. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். கணினி அறை வரை கம்பியை இழுத்து, அந்த அறைக்குள்ளேயே ஒரு வைஃபை கருவியை வைத்தபின் சரியாயிற்று. புரொஜெக்டர் இருக்கும் மடிக்கணினிக்குக் கம்பியே மேல்.

அதன் பிறகும் சில காணொளிகள் திறந்தவுடன் தொடங்காமல் நெடுநேரம் விழித்தன. காரணம் விந்தையானது. காணொளிக் கோப்புக்குள் எந்தக் காட்சி எங்கே உள்ளது என்று சொல்லும் ஒரு பொருளடக்கம் உண்டு. சில கோப்புகளில் அது கடைசியில் எழுதப்பட்டிருக்கும். புத்தகத்தின் கடைசித் தாள் கைக்கு வரும்வரை முதல் பக்கத்தைத் திறக்க முடியாதவர் போல இயக்கி காத்திருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'வெப் ஆப்டிமைஸ்ட்' என்ற கட்டத்தில் குறியிட்டு மாற்றினால் பொருளடக்கம் முன்னால் வந்துவிடும். அப்படி மாற்றும்போதே எச்.264 வகை எம்பி4 கோப்பாக வைத்துக்கொண்டால் பழைய கருவிகளிலும் ஓடும். சர்வரின் எண் முகவரி நாளுக்கொரு விதமாக மாறாதபடி ரௌட்டரில் நிலைப்படுத்தி, அதைப் பெரிதாக எழுதி ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் ஒட்டினோம். கோப்புகளை மாணவர்கள் பார்க்க மட்டுமே முடியும், அழிக்க முடியாது என்று அமைத்தோம். இந்த ஞானம், ஏழாம் வகுப்பு அறிவியல் முழுவதும் ஒரு நாள் காணாமற்போன பிறகு வந்தது.

உரிமை பற்றியும் ஒரு சொல். இணையத்தில் பார்க்கக் கிடைப்பதெல்லாம் படியெடுத்து வைக்கக் கிடைப்பதன்று. கான் அகாடமி, என்பிடிஇஎல் போன்றவை தம் பாடங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகின்றன. அத்தகையவற்றை உரிமத்தின் நிபந்தனைப்படி வைத்துக்கொள்ளலாம். பிறருடையதை உரியவரிடம் கேட்டுப் பெற வேண்டும். திருட்டுப் படியைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது நமக்கு அழகன்று.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் ஒரு கணக்காசிரியர் இருந்தார். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, இந்தப் பெட்டி ஓடத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, மாலை வேளைகளில் கைப்பேசியை ஒரு முக்காலியில் பொருத்திக் கரும்பலகை முன் நின்று தாமே பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். வெளியிலிருந்து வரும் காணொளிகளில் இல்லாத ஒன்று அவற்றில் இருந்தது. வரைபடத்தாளில் புள்ளி குறிப்பதைக் கற்பிக்க அவர் வந்தவாசிக் கோரைப்பாயை விரித்துக் காட்டுவார். பாவு நூல் ஓர் அச்சு, ஊடு கோரை மற்றோர் அச்சு. இலாப நட்டத்துக்கு நிலக்கடலை மூட்டை. பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளைகள் அப்பாடத்தில் மற்றவர்களுக்கு முன்னே கை தூக்குவதை நானே கண்டிருக்கிறேன். மொத்தம் அறுபத்து மூன்று பாடங்கள். அனைத்தும் அந்த மடிக்கணினியில் இருந்தன.

பெட்டியைப் பார்த்துக்கொண்ட இளம் ஆசிரியர் வேறு வேலை கிடைத்துச் சென்றார். கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நாள் கடத்தினோம். ஒரு கோடையில் தகரக் கூரைக்குக் கீழே, பூட்டிய பீரோவுக்குள், மின்விசிறித் துளையைத் தூசி அடைத்த நிலையில் அது ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளி திறந்தபோது வன்தட்டு இயங்கவில்லை. சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம்; ஒன்றும் மீளவில்லை. கான் அகாடமியின் பாடங்களை ஒரு வாரத்தில் மீண்டும் இறக்கிவிட்டோம். கணக்காசிரியரின் பாடங்களை எங்கிருந்து இறக்குவது? அவர் அதற்கு முந்தைய மார்கழியிலேயே காலமாகிவிட்டார். அவருடைய கைப்பேசியைக் குடும்பத்தினர் விற்றுவிட்டிருந்தார்கள். தேர்வுக்குப் படிக்கவென்று ஒரு மாணவி பென் டிரைவில் எடுத்துச் சென்றிருந்த பதினொரு பாடங்கள் மட்டுமே எஞ்சின.

இதில் குற்றம் எவருடையது என்று கேட்டால், முதல் பெயர் என்னுடையது. இரண்டாம் படி எடுத்து வைக்கலாம் என்று அவரே என்னிடம் ஒருமுறை சொன்னார். காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்றேன். நம் முன்னோர் வீட்டிலிருந்த ஓலைச்சுவடிகளுக்குக் காலந்தவறாமல் எண்ணெய் பூசினார்கள், மட்கத் தொடங்குமுன் புதுப் படி எழுதினார்கள். வன்தட்டு ஓலையைவிட வலிமையானது என்று நான் நம்பியிருந்தேன். ஓலையின் ஆயுளில் சிறு பங்குகூட அதற்கு இல்லை.

ஆகவே அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பள்ளிக்கு மிக விரைவான இணைப்பு வேண்டாம். நடுத்தரமான இணைப்பு போதும். மிச்சமாகும் தொகையில் ஒரு கணினி, ஒரே அளவுள்ள இரண்டு வன்தட்டுகள், கணினி அறைக்குக் கம்பி, ஒரு சிறு யுபிஎஸ் ஆகியவற்றை வாங்கித் தாருங்கள். இரண்டாவது வன்தட்டு பள்ளிக் கட்டடத்தில் இருக்கக்கூடாது; மாதத்தில் ஒரு நாள் மட்டும் வந்து படியெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். கடவுச்சொல் உறையிலிட்டுத் தலைமையாசிரியரிடமும் அறக்கட்டளை அலுவலகத்திலும் இருக்கட்டும். பெட்டியைக் கவனிக்கும் ஆசிரியருக்கு ஆண்டுக்கு ஒரு சிறு மதிப்பூதியம் வழங்குங்கள். கருவிக்குக் கொடையாளர் பெயர் பொறிக்க முன்வருவோர் பலர். கவனிப்பவருக்கு ஊதியம் தர முன்வருவோர் குறைவு. நம் இளைஞர்களில் கணினித் துறையில் பணிபுரிவோர் பலர் விழாக்காலத்தில் ஊருக்கு வருகிறார்கள். வரும்போது அரை நாள் அந்தப் பள்ளிக்குச் சென்று, தூசி தட்டி, பாடத்திட்டம் மாறியதால் பழையதான காணொளிகளை நீக்கி, புதியவற்றை ஏற்றிக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.

எஞ்சிய பதினொரு பாடங்கள் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன. கோரைப்பாய்ப் பாடம் அவற்றுள் இல்லை. அவரிடம் பயின்றவர்கள் இந்த அவையிலும் சிலர் இருக்கக்கூடும். உங்கள் பழைய கைப்பேசியிலோ, மேசை இழுப்பறையில் கிடக்கும் பென் டிரைவிலோ அவருடைய பாடம் ஏதேனும் இருந்தால், அழிக்குமுன் எனக்கோ அறக்கட்டளை அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். நானே நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறேன்.

வெளியே பந்திக்கு இலை போடுகிறார்கள்.